மாதம் 70 ரூபாய் 80 காசு: ஒரு மோடத்தின் கணக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு 2017 ஜூலையில்தான் வந்தது. அந்த மாதம் 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் அனைத்தும் ஒரே மூச்சில் கணினிக்கு மாற வேண்டியதாயிற்று. அதுவரை பேரேட்டில் எழுதி ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த நான், மாதாமாதம் விற்பனை விவரத்தையும் வரிக் கணக்கையும் இணையதளத்திலேயே தாக்கல் செய்யும் நிலைக்கு வந்தேன். கைபேசி இணையத்தை நம்பிக் கடைசி நாள் இரவு உட்கார்ந்து, பக்கம் திறப்பதற்குள் விடிந்துவிட்ட அனுபவம் ஒருமுறை ஏற்பட்ட பிறகு, எங்கள் தெருவுக்கு டிவி கேபிள் இழுத்திருந்தவரையே கூப்பிட்டேன். டிவிக்கு வரும் அதே கறுப்புக் கேபிளில் இணையமும் வரும் என்றும், நடுவில் அந்தச் சிக்னலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு மோடம் வைத்தால் போதும் என்றும் சொல்லி, ஒரு படிவத்தை நீட்டினார்.

அந்தப் படிவத்தில் மோடத்துக்கென்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வாடகைக்கு எடுத்தால் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 1,000 ரூபாய், மாதம் 60 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 70 ரூபாய் 80 காசு. விலைக்கு எடுத்தால் வரி உட்பட 2,400 ரூபாய், ஓராண்டு உத்தரவாதம். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. கையில் 2,400 இல்லை என்பதைத் தவிர வேறு எந்த யோசனையும் இல்லாமல் வாடகைக் கட்டத்தில் டிக் அடித்தேன். அந்த முடிவு சரியானதுதான் என்பதையும், அதை நான் பின்னால் மாற்றிக்கொண்டதே தவறு என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மற்றவர்களின் கணக்கைக் காசு பிசகாமல் பார்ப்பவள், வீட்டுக் கணக்கில் எங்கே சறுக்கினேன் என்று எழுதி வைக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வந்த மோடம் புதியதன்று. அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ ஒருவர் தம் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை எழுதியிருந்தார். இனிஷியலும் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஒரு கடவுச்சொல். நகத்தால் சுரண்டிப் பார்த்தும் பிளாஸ்திரியின் பசை போகவில்லை. வாடகை மோடம் என்றால் ஒரு வீட்டில் திரும்பப் பெற்றதைத் துடைத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்தால் சரி. ஆனால் திருப்பித் தரும்போது பின்புறத் துளையில் ஊசியை விட்டுப் பத்து, பதினைந்து விநாடி அழுத்தி எல்லா அமைப்பையும் அழித்துவிட்டுத்தான் தர வேண்டும் என்ற பழக்கம் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஏற்பட்டது.

வாடகையின் நன்மை முதல் கோடையிலேயே தெரிந்தது. டிவி ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் மோடத்தை வைத்திருந்தேன். சேலத்து ஏப்ரல் வெயிலில் வீட்டுச் சுவரே இரவு பத்து மணிவரை சூடு விடும்போது, கண்ணாடிப் பெட்டிக்குள் சூடேறும் இரண்டு கருவிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. மதியம் இரண்டு மணிக்கு மேல் மோடம் தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. சொன்ன மறுநாளே லைன்மேன் வந்து வேறொன்றை மாட்டிவிட்டு, "அக்கா, இதைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுங்க, காத்துப் படணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பணம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அடாப்டர் போயிற்று. அதையும் மாற்றித் தந்தார்கள். சொந்த மோடமாக இருந்து உத்தரவாதமும் முடிந்திருந்தால், இரண்டுக்கும் நான்தான் கடைக்கு அலைந்திருக்க வேண்டும்.

அதே நேரத்தில், வாடகை மோடத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் வேகமான திட்டத்துக்கு மாறினேன். மாதக் கட்டணம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. பலமுறை தொலைபேசியில் முறையிட்ட பிறகு வந்த ஒரு தொழில்நுட்பப் பணியாளர், மோடத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த லேபிளைப் படித்த உடனேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். கேபிள் வழி இணையத்துக்கு டாக்சிஸ் என்ற பொதுத் தரம் ஒன்று உண்டு. 1997இல் வெளியான அதன் முதல் பதிப்பு முதல் இரண்டாம் பதிப்பு வரையான மோடங்கள் ஒரே ஒரு சேனலில், அதாவது ஒரே ஓர் அலைவரிசைப் பாதையில்தான், தகவலை இறக்கிக்கொள்ளும். 2006இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பல சேனல்களை ஒன்றாகக் கட்டி இழுக்கும் ஏற்பாடு வந்தது. ஒரு சேனலின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 40, 50 மெகாபிட் அளவில்தான் நின்றுவிடும். அதையும் ஒரே வழியில் இணைந்திருக்கும் வீடுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குக் கொடுத்திருந்தது இரண்டாம் பதிப்பு. ஒற்றையடிப் பாதையில் லாரியை வாங்கி நிறுத்திவிட்டு, ஏன் நகரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாம் பதிப்பு மோடத்தைக் கேட்டேன். வாடகை என்பதால் கூடுதல் செலவில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் அவர்களாகத் தந்திருக்க மாட்டார்கள். வாடகைக்கு எடுப்பவர் மோடத்தின் லேபிளைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிடங்கில் கிடக்கும் பழையதுதான் வீட்டுக்கு வரும்.

சறுக்கல் நேர்ந்தது 2020இல். பொதுமுடக்கக் காலத்தில் பிள்ளைகளின் வகுப்பும் என் வேலையும் ஒரே இணைப்பில் ஓடின. வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய மாதந்தோறும் ஒரு கடைசி நாள் உண்டு. அன்றைக்கென்று பார்த்து இணைப்பு அரை மணிக்கொருமுறை அறுந்தது. அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் இருக்கும் என் அண்ணன் மகனிடம் பேசிக்கொண்டிருந்தபோது புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வியே, "அத்தை, மோடம் வாடகையா, சொந்தமா?" என்பதுதான். தான் மாதம் 14 டாலர் வாடகை கட்டிக்கொண்டிருந்ததாகவும், கடையில் ஒரு மோடத்தை வாங்கி அதன் எண்ணைத் தொலைபேசியில் நிறுவனத்திடம் சொன்னதோடு வாடகை நின்றுவிட்டதாகவும், போட்ட பணம் ஓராண்டுக்குள் திரும்பிவிட்டதாகவும் சொன்னான். அவன் சொன்னது அவனுடைய ஊருக்கு முழு உண்மை. அங்கே கேபிள் நிறுவனங்கள் தங்கள் வலையில் ஏற்கும் மோடங்களின் பட்டியலை வெளியிடுகின்றன; அந்தப் பட்டியலில் உள்ளவற்றைக் கடைகளில் வாங்கலாம்; ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் பெரும்பாலும் அதே மோடம் உழைக்கும். வாடிக்கையாளர் சொந்தக் கருவியை வைத்திருக்கும்போது அதற்கும் வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2019இல் இயற்றிய ஒரு சட்டத்தையே 2020 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று இரவு கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். 2017 ஜூலை முதல் 2020 ஆகஸ்ட் வரை 38 மாதங்கள், 70.80ஆல் பெருக்கினால் 2,690 ரூபாய் 40 காசு. மோடத்தின் விலையைவிட 290 ரூபாய் அதிகமாகக் கொடுத்தும் மோடம் எனக்குச் சொந்தமில்லை என்று கண்டதும் வயிறு எரிந்தது. முப்பத்து நான்காவது மாதத்திலேயே விலை கழிந்துவிட்டது என்று சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தக் கணக்கில் எண்கள் எல்லாம் சரி. ஆனால் இடையில் இரண்டு மோடங்களும் ஒரு அடாப்டரும் இலவசமாக மாறி வந்ததை வரவுப் பக்கத்தில் எழுதவில்லை. ஒரு பட்டறைக்காரர் இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் நானே அவரைத் திருத்தியிருப்பேன்.

செப்டம்பரில் மோடம் வாங்கக் கிளம்பினேன். சேலத்தில் நான்கு ரோடு, ஐந்து ரோடு பகுதிகளில் உள்ள கணினிக் கடைகளில், வீட்டுக்குள் வைஃபை பரப்பும் ரவுட்டர் கேட்டால் பத்து வகை எடுத்துப் போட்டார்கள். கேபிள் மோடம் என்றதும், "அது கேபிள்காரங்ககிட்டதாங்க கிடைக்கும்" என்றார்கள். ஆக, எங்கள் ஊரில் மோடத்தைச் சொந்தமாக வாங்குவது என்பதற்கு, இணைப்புத் தருபவரிடமே மொத்தமாகப் பணத்தைக் கட்டுவது என்றுதான் பொருள். அவருடைய வலையில் மோடத்தின் எண்ணைப் பதிந்தால்தான் அது உயிர்பெறும். அவரை விட்டுப் போனால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. என் அண்ணன் மகன் வாங்கியது ஒரு பொருள். நான் வாங்கியது, ஒரே ஒரு கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு. இந்த வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லை. 2,400 ரூபாயைக் கட்டிப் புது மோடத்தைப் பெட்டியோடு வாங்கி வந்தேன்.

இணைப்பு அறுவது நிற்கவில்லை. புது மோடத்திலும் அதே அரை மணிக்கொருமுறை. இரண்டாம் வாரம் வந்த லைன்மேன், மோடத்தைத் தொடவே இல்லை. ஏணியைக் கேட்டு வாங்கி, ஜன்னலுக்கு மேலே, சிலந்திக் கூட்டுக்கு நடுவில் கிடந்த ஒரு சிறு உலோகக் கட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். தெருவிலிருந்து வரும் கேபிளை வரவேற்பறை டிவி, படுக்கையறை டிவி, மோடம் என மூன்றாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் அது. அதன் மூன்று வாய்களும் ஒன்றுபோல இல்லை என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வாயில் 3.5 என்றும் மற்ற இரண்டில் 7 என்றும் பொறித்திருந்தது. எவ்வளவு டெசிபல் சிக்னல் அந்த வாயில் குறைகிறது என்பதுதான் அந்த எண். எங்கள் வீட்டில் 3.5இல் டிவியும், 7இல் மோடமும் மாட்டப்பட்டிருந்தன. போதாததற்குக் கேபிளின் முனையில் இருந்த திருகு கனெக்டர் மழைநீர் இறங்கிப் பச்சைப் பூத்திருந்தது. கனெக்டரை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டு, இரண்டு வாய்களையும் இடம் மாற்றிப் பொருத்தினார். பிறகு என் மடிக்கணினியில் 192.168.100.1 என்ற முகவரியைத் திறந்து, மோடத்தின் சிக்னல் பக்கத்தைக் காட்டி, "இந்த எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல இருந்தா நல்லதுங்கக்கா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழைத் தாண்டாம பாத்துக்கங்க" என்றார். பெரும்பாலான கேபிள் மோடங்களில் இந்த முகவரி ஒன்றேதான். கடவுச்சொல் இல்லாமலே பல மோடங்களில் திறக்கும். இருபது நிமிட வேலை. நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி மட்டும் குடித்தார். பழைய வாடகை மோடமும் இதே மருந்தில் குணமாகியிருக்கும். கோளாறு லைனிலா கருவியிலா என்று பாராமல் கருவியை மாற்றுவது, எங்கள் பாட்டி சொல்வதுபோல, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். என் விஷயத்தில் கூடத்துக்கு 2,400 ரூபாய் வேறு கட்டியிருந்தேன்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. பழைய வாடகை மோடத்தைத் திருப்பித் தந்தபோது ரசீது வாங்கவில்லை. முகக்கவசமும் கையுறையுமாக வாசலிலேயே நின்ற பையனிடம், இரண்டடி தள்ளி நின்று, மோடத்தைப் பையோடு வைத்துவிட்டு வந்தேன். விளைவு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என மூன்று பில்களிலும் மோடம் வாடகை வந்தது. 212 ரூபாய் 40 காசு. வைப்புத்தொகை 1,000 பற்றிக் கேட்டால், மோடம் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். என்னைக் காப்பாற்றியது, நான் கொடுப்பதற்கு முன் மோடத்தின் பின்புற லேபிளை ஏனோ கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததும், அந்தப் பையன் "வாங்கிட்டேன்க்கா" என்று அனுப்பியிருந்த ஒற்றை வரிச் செய்தியும்தான். தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் வாடிக்கையாளர் மையத்தில் எழுத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் அகன்ற அலைவரிசைச் சேவைக்கென வகுத்த தர விதிகளில், இணைப்பை முடித்துக்கொண்டவரின் வைப்புத்தொகையை 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. நான் இணைப்பை முடிக்கவில்லை, மோடத்தைத்தான் திருப்பித் தந்தேன் என்றாலும், அந்தக் கால அளவையே எடுத்துக் காட்டி எழுதினேன். புகாருக்குப் பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பது 2012ஆம் ஆண்டு விதி. அந்த வார்த்தையைக் கடிதத்தில் குறிப்பிட்டதுமே, அடுத்த பில்லில் 1,212 ரூபாய் 40 காசு வரவு வைக்கப்பட்டிருந்தது. கோபமாகப் பேசிய ஆறு அழைப்புகளுக்குக் கிடைக்காத மரியாதை ஒரு புகார் எண்ணுக்குக் கிடைத்தது.

சொந்த மோடத்தின் ஆயுள் பதினான்கு மாதங்கள். அது கெட்டுப்போகவில்லை, 2021 நவம்பரில் எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. கேபிள்காரர் கறுப்புக் கேபிளை அறவே எடுத்துவிட்டு, ஃபைபருக்கு மாறுபவர்களுக்கு மட்டுமே சேவை என்றார். ஃபைபருக்குத் தனிப் பெட்டி வேண்டும். கேபிள் மோடம் அதில் எதற்கும் உதவாது. உத்தரவாதமும் இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்; சிரித்தார். வாடகையாக இருந்திருந்தால் அந்தப் பதினான்கு மாதங்களுக்கு 991 ரூபாய் 20 காசு ஆகியிருக்கும். நான் கொடுத்தது 2,400. வித்தியாசம் 1,408 ரூபாய் 80 காசு, கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. இப்போது கணக்கு எழுதும் பட்டறைகளுக்கும் அதையே சொல்கிறேன். வீட்டுக்குள் வரும் லைனோடு பேசும் பெட்டி வேறு, வீட்டில் உள்ள கைபேசிகளோடும் கணினிகளோடும் பேசும் பெட்டி வேறு. முதலாவது இணைப்புத் தருபவருடைய தொழில்நுட்பத்துக்குக் கட்டுப்பட்டது. அவர் மாறினால், அவர் கருவியை மாற்றினால், அதுவும் மாறும். அதை வாடகைக்கோ வைப்புத்தொகைக்கோ எடுப்பதே மேல். இரண்டாவது, வைஃபை ரவுட்டர். அது எந்த நிறுவனத்தோடும் ஒத்துப்போகும், எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைச் சொந்தமாக வாங்க வேண்டும். பல இடங்களில் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துத் தருவதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

ஃபைபர் போட்டபோது 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு அவர்களுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு, 2,300 ரூபாய்க்கு வைஃபையின் இரண்டு அலைவரிசையிலும் இயங்கும் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்கினேன். ஃபைபர் பெட்டி வாசல் பக்கம் கேபிள் நுழையும் இடத்திலேயே சுவரில் இருக்கிறது, அங்கிருந்து ஒரு லேன் கேபிள் வீட்டின் நடுவில் உள்ள பரணுக்குப் போகிறது, ரவுட்டர் அங்கே. பொருத்த வந்த பையனிடம், இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதித் தரும்படியும், அவர்கள் பெட்டியை, இணைப்பை என் ரவுட்டருக்குக் கடத்தும் பாலம்போல மட்டும் இயங்கும்படி மாற்றும்படியும் கேட்டேன். தயங்கினார், அலுவலகத்துக்குப் பேசிவிட்டுச் செய்தார். அவர் மறுத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ரவுட்டரின் அமைப்பில் அதை வெறும் வைஃபை நிலையமாக மாற்றி, பெட்டியின் லேன் வாயில் செருகினால் போதும். இதன் பயன் 2023இல் நான் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது தெரிந்தது. பழைய பெட்டியை, இம்முறை ரசீதோடு, திருப்பித் தந்தேன். புதியவர்கள் தங்கள் பெட்டியை மாட்டினார்கள். ரவுட்டர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பழையவையே என்பதால், வீட்டில் உள்ள ஒன்பது கருவிகளில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஃபைபர் பெட்டியைச் சொந்தமாக வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இணையவழிக் கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜீபான், ஈபான் என்று இரண்டு வகை உண்டு. உங்கள் ஊர்க்காரர் எந்த வகையை வைத்திருக்கிறாரோ அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் பெட்டியே ஆனாலும், அதன் எண்ணை அவர் தம் நிலையத்தில் பதிய மனம்வைக்க வேண்டும். பதிய மாட்டேன் என்று அவர் சொன்னால் நமக்கு வாதாட வழியில்லை. முதலில் பதியச் சம்மதமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பெட்டி இலவசம் என்று சொல்பவர்களிடம் ஒரே கேள்விதான்: எத்தனை மாதத்துக்கு முன் விலகினால் அதன் விலையைக் கேட்பீர்கள்? பதிவு பெற்ற வியாபாரமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பில் அந்த வியாபாரத்தின் வரிப் பதிவு எண்ணோடு வந்தால் வாடகையின்மேல் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பட்டறை முதலாளியின் சொந்தப் பெயரில், பதிவு எண் இல்லாமல் பில் வந்துகொண்டிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது சமவெளிக் கணக்கு. ஏற்காட்டில் கணக்கே வேறு. நாகலூர் பக்கம் என் அக்காவும் மாமாவும் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, விருந்தினர் தங்க இரண்டு அறைகள் கட்டியிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழை வந்தால்தான் காப்பி பூக்கும் என்பதால், மாமா வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மழை இடியோடுதான் வரும். அங்கே முதலில் இருந்தது தொலைபேசிச் செம்புக் கம்பி வழி இணையம். மோடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 2018 ஏப்ரலில் சேர்வராயன் கோயில் பக்கம் விழுந்த ஓர் இடிக்கு, தொலைபேசியும் மோடமும் ஒன்றாகப் போயின. வாடகைக் கருவிதானே, மாற்றித் தருவார்கள் என்று நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால், படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, நீர் ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் இருந்தது. வைப்புத்தொகை போயிற்று. மலையில் கருவியைக் கொல்வது பெரும்பாலும் மின்னல்தான். அதை ஏற்காத வாடகை, மழைக்கு மட்டும் விரிக்க முடியாத குடையைப் போன்றது.

எனவே மாமா சேலத்தில் 1,300 ரூபாய்க்குச் சொந்த மோடம் வாங்கினார். இங்கே அது நியாயமான முடிவு. செம்புக் கம்பி வழி இணையத்துக்கான மோடம் பொதுச் சந்தைப் பொருள். அமைப்பில் இணைப்புத் தருபவர் சொல்லும் இரண்டு எண்களையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் எந்தக் கடையில் வாங்கியதும் வேலை செய்யும். டல்லஸ் கணக்கு நாகலூரில் பலித்தது என்று சொல்லலாம், அம்மாப்பேட்டையில்தான் பலிக்கவில்லை. அடுத்த மே மாதம் அந்த மோடத்தையும் மின்னல் தின்றது. மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தொலைபேசி வயரை அப்படியே விட்டிருந்தார்கள். இடி செம்புக் கம்பி வழியாகவும் வரும் என்பதால் இரண்டையும் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகு, தூரத்தில் முதல் உறுமல் கேட்டதும் அக்கா அடுப்பைக்கூட விட்டுவிட்டு ஓடுவாள்.

2022இல் அங்கும் ஃபைபர் வந்தபோது, கண்ணாடியில் மின்சாரம் பாயாது, இனி கவலையில்லை என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு ஓட்டைகளைக் கவனிக்கவில்லை. மரத்துக்கு மரம் கட்டி இழுக்கும் ஃபைபர் கேபிளில், தாங்கிப் பிடிப்பதற்கென்று ஓர் இரும்புக் கம்பி கூடவே ஓடுகிறது. மற்றொன்று, நாங்களே செய்தது. வீட்டிலிருந்து விருந்தினர் அறைக்கு நாற்பது மீட்டர் லேன் கேபிளை சில்வர் ஓக் மரங்களின் மேலாக இழுத்திருந்தோம். அது முழுக்கச் செம்பு. மரத்தில் நேரடியாக இடி விழவில்லை. பக்கத்து எஸ்டேட்டில்தான் விழுந்தது. அது செம்புக் கம்பியில் தூண்டிய மின்னழுத்தத்திலேயே ரவுட்டரின் இரண்டு லேன் வாய்களும், ஃபைபர் பெட்டியின் ஒரு வாயும் செத்தன. ரவுட்டர் மாமாவுடையது, பெட்டி அவர்களுடையது. மின்னல் என்று உண்மையைச் சொன்னோம். பெட்டிக்கு 1,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பிறகு அந்த நாற்பது மீட்டருக்கும் ஃபைபரையே போட்டு, இரு முனையிலும் ஒளிச் சிக்னலையும் மின் சிக்னலையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு கருவிகளை வைத்தோம். குரங்குகள் அதில் தொங்கி ஊஞ்சலாடுகின்றன. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

இந்த ஆண்டு அக்கா வீட்டில் நிறுவனத்தை மாற்றினார்கள். படிவத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டதால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். பெட்டியின் எண், அடாப்டரின் அளவு, வைப்புத்தொகை, எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை எழுதி வாங்கினோம். மின்னல் பற்றிய வரி அந்தப் படிவத்திலும் இருந்தது. அதை அடிக்க முடியாது என்று பொருத்த வந்த தம்பி சொன்னார். அப்படியென்றால் சேதமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தொகையை எழுதித் தாருங்கள் என்றேன். யாருக்கோ தொலைபேசியில் கேட்டுவிட்டு, 1,200 என்று எழுதிக் கையெழுத்திட்டார். கேபிளை உள்ளே கொண்டுவருவதற்கு முன், இரும்புக் கம்பியைத் தனியே உரித்து வெளிச்சுவர்க் கொக்கியிலேயே கட்டி வெட்டிவிடச் சொன்னோம். கண்ணாடி இழை மட்டும் ஜன்னல் ஓரத் துளை வழியாக உள்ளே வந்தது. பச்சை கனெக்டரை மீட்டரில் செருகிப் பார்த்தார். வந்துசேரும் ஒளியின் வலிமை மைனஸ் 23 என்று காட்டியது. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியும், அப்போது பெட்டியைக் குறை சொல்லாமல் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மாமாவிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமா அந்த எண்ணைக் காப்பி எடை குறிக்கும் நோட்டில், தேதியோடு, எழுதிக்கொண்டிருந்தார்.